பக்கத்து வீட்டு பாஷை: மதுரை சௌராஷ்டிரர்களும் அவங்க மொழியும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடை ஒரு சொம்புத் தண்ணியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். திருமலை நாயக்கர் மகால் பக்கத்துல எங்க வீடு. ரெண்டு தெரு தள்ளி என் ஸ்கூல் ஃப்ரெண்ட் வீடு. சாயங்காலம் கிரிக்கெட் ஆடக் கூப்பிடப் போவேன். திண்ணையில அவன் பாட்டி உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. உள்ள அவன் அம்மாவும் அத்தையும் சத்தமா ஏதோ பேசிச் சிரிச்சிட்டு இருப்பாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. நான் வாசப்படி ஏறின உடனே, யாரோ ரேடியோ ஸ்டேஷனை மாத்தின மாதிரி, எல்லாரும் தமிழுக்கு மாறிடுவாங்க. "வாடா தம்பி, தண்ணி குடிக்கிறியா?"

அந்த வயசுல எனக்கு அது பெரிய சந்தேகம். என்னைப் பத்தித்தான் ஏதோ பேசிட்டு இருந்தாங்களோ? ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது, அது மரியாதை. விருந்தாளிக்குப் புரியாத மொழியில அவன் முன்னாடி பேசக் கூடாதுங்கிற பண்பு. மதுரையில நூற்றாண்டுக் கணக்கா இந்தப் பண்பு நடந்துக்கிட்டு இருக்கு. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு விலையும் இருக்கு. இந்த எபிசோட் அந்த விலையைப் பத்தித்தான்.

நெசவாளிங்க மதுரைக்கு வந்த கதை

மதுரையில பட்டுநூல்காரர்னு ஒரு பேரைக் கேட்டிருப்பீங்க. சௌராஷ்டிரர்களுக்குத் தமிழர்கள் வச்ச பேர் அது. தொழிலை வச்சு வந்த பேர். குஜராத்துல இருக்கிற சௌராஷ்டிரம்தான் தங்களோட பூர்வீகம்னு அவங்க சமூகத்துல வழிவழியா சொல்லிட்டு வர்றாங்க. 1026ல கஜினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கின பிறகு அங்கிருந்து கிளம்பி, யாதவர்களோட தேவகிரி, அது போன பிறகு விஜயநகரம், விஜயநகரமும் 1565ல தோத்த பிறகு நாயக்கர்களோட மதுரை. இதுதான் வீட்டுல சொல்ற கதை.

வரலாற்று மாணவனா நான் இங்க கொஞ்சம் நிதானிக்கணும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆதாரம் கைவசம் இல்லை. ஆனா பட்டு நெசவாளிங்க கூட்டமா ஊர் விட்டு ஊர் போனதுக்கு ரொம்பப் பழைய சாட்சி ஒண்ணு இருக்கு. மத்தியப் பிரதேசத்துல மந்தசோர்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச 5ஆம் நூற்றாண்டு சமஸ்கிருதக் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து, அதாவது இன்னைய தெற்கு குஜராத்திலிருந்து, குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் குழு ஒண்ணு அங்க சூரியன் கோவில் கட்டினதைச் சொல்லுது. வந்தவங்கள்ல சிலர் நெசவிலேயே இருந்தாங்க, சிலர் வில்வித்தை, சோதிடம்னு வேற வேலைக்குப் போயிட்டாங்கன்னும் அதுல இருக்கு. அவங்கதான் மதுரைக்காரங்களோட நேரடி முன்னோர்னு அந்தக் கல்லை வச்சு நிரூபிக்க முடியாது. ஆனா பட்டு எங்க விலை போகுதோ அங்க தறி போகும். அது அன்னைக்கும் நடந்திருக்கு.

மதுரைக்கும் அப்படித்தான். 1623லிருந்து 1659 வரைக்கும் திருமலை நாயக்கர் ஆட்சி. அரண்மனை, கோவில், திருவிழா, பாளையக்காரர்கள்னு பட்டு உடுத்த ஆள் நிறைய இருந்த ஊர். அரண்மனையைச் சுத்தியே நெசவாளிங்க குடியேறினாங்க. இன்னைக்கும் மகாலைச் சுத்தி இருக்கிற தெருக்கள்ல காதைத் தீட்டிக்கிட்டு நடந்தீங்கன்னா அந்த மொழி கேட்கும். மதுரையோட நிக்கலை. பரமக்குடி, எமனேசுவரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, வாலாஜாபேட்டைன்னு தறி இருந்த ஊர்கள்ல எல்லாம் அவங்க இருக்காங்க.

சுங்குடியையே எடுத்துக்கங்க. துணியில சின்னச் சின்னதா நூலால முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி, முடிச்சை அவுத்தா புள்ளி புள்ளியா வெள்ளை தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. குஜராத்தோட பாந்தனி வேலையைப் பார்த்தவங்களுக்கு ரெண்டுக்கும் உள்ள உறவு உடனே தெரியும். 2005ல மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. சேலைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தாச்சு. முடிச்சுப் போடும்போது திண்ணையில பேசின மொழிக்கு அப்படி ஒண்ணும் வரலை.

மொழியே ஒரு பயண டைரி

சௌராஷ்டிர மொழி தமிழ் மாதிரி திராவிட மொழி இல்லை. குஜராத்தி, மராத்தி இருக்கிற இந்தோ-ஆரியக் குடும்பம். தண்ணிக்கு 'பானி'. இந்தி தெரிஞ்சவங்க, 'அட, இவ்ளோதானா'ன்னு நினைப்பீங்க. நாலு வாக்கியம் கேட்டா அந்தத் தைரியம் போயிடும். ஏன்னா மேல மராத்திச் சாயல், நடுவுல தெலுங்கு, கன்னட வார்த்தைகள், வாக்கிய ஓட்டத்துல தமிழ். வந்த வழியில எந்தெந்த ஊர்ல எவ்வளவு நாள் தங்கினாங்களோ, அங்கங்க ஒட்டினது எல்லாம் மொழிக்குள்ள இருக்கு. கல்வெட்டு இல்லாத இடத்துல இந்த மொழிதான் பயண டைரி.

இந்த டைரியை நம்மைவிட அக்கறையாப் படிச்சது வெளிநாட்டுக்காரங்க. 1940கள்ல ஹெச். என். ராண்டில்னு ஒரு பிரிட்டிஷ் அறிஞர் இதைப் பத்தி நீளமா ஆய்வுக் கட்டுரை எழுதினார். அப்புறம் ஜப்பானிலிருந்து நொரிஹிகோ உச்சிடா வந்தார். 1990ல அவரோட சௌராஷ்டிர-ஆங்கில அகராதி ஜெர்மனியில வெளியாச்சு. யோசிச்சுப் பாருங்க. மதுரைத் தெருவுல பேசுற மொழி, அகராதி போட்டவர் ஜப்பான்காரர், அச்சானது ஜெர்மனியில. என் ஃப்ரெண்ட் வீட்டுல அந்தப் புத்தகம் இல்லை. அப்படி ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

மத்த மொழிகளைக் காப்பாத்தினவங்க

இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது என்னை ரொம்ப யோசிக்க வச்ச விஷயம் இது.

டி. எம். சௌந்தரராஜன். 1922ல மதுரையில பிறந்தவர். எம்ஜிஆருக்கும் சிவாஜிக்கும் குரல் அவர்தான். தமிழை எப்படி உச்சரிக்கணும்னு கேட்டா நம்ம தாத்தாக்கள், 'டிஎம்எஸ் பாட்டைக் கேளு'ன்னு சொல்வாங்க. அவரோட தாய்மொழி சௌராஷ்டிரம்.

வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். 1781ல பிறந்தவர், தியாகராஜரோட நேரடிச் சீடர். அவரும் அவர் வழி வந்தவங்களும் எழுதி வச்ச சுவடிகள் இல்லைன்னா தியாகராஜர் கீர்த்தனைகள் பலதைப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கிற தகவல் குறைஞ்சிருக்கும். அந்த வாலாஜாபேட்டைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில பாதுகாக்கப்பட்டு வந்தது. தெலுங்குக் கீர்த்தனை, காப்பாத்தினது சௌராஷ்டிரர்.

கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம். 'காதுகள்' நாவலுக்கு 1993ல சாகித்திய அகாதமி விருது. அவரோட 'வேள்வித் தீ' நாவல் சௌராஷ்டிர நெசவாளிகளோட வாழ்க்கையைப் பத்தினது. எழுதினது தமிழ்ல.

ஆக, தமிழுக்கும் தெலுங்குக்கும் இவ்வளவு செஞ்ச சமூகம், தன் மொழிக்கு ஒண்ணுமே செய்யலையா? செஞ்சாங்க. அந்தக் கதைதான் பலருக்குத் தெரியாது.

ராமராய் போட்ட எழுத்து

19ஆம் நூற்றாண்டின் கடைசி. மதுரையில சௌராஷ்டிரர்கள் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறாங்க, 1895ல சபை அமைக்கிறாங்க. அந்தக் காலத்துலதான் டி. எம். ராமராய்னு ஒருத்தர், எங்க மொழிக்குத் தனி எழுத்து வேணும்னு இறங்குறார். சௌராஷ்டிர எழுத்தைச் சீர்படுத்தி, இலக்கணப் புத்தகம், பாடப் புத்தகம்னு 1900களின் தொடக்கத்துல அச்சடிக்கிறார்.

எழுத்து ஏன் வேணும்? தமிழ்லயே எழுதலாமேன்னு தோணும். தமிழ் எழுத்துல ஒரே 'க' தான். சௌராஷ்டிரத்துல நாலு 'க' தனித்தனியா வேணும். அதுவும் போக, ம, ந, ர, ல மாதிரி எழுத்துகளோடயும் மூச்சுக் காத்து சேர்ந்து வர்ற ஒலிகள் இருக்கு. இந்திய மொழிகள்ல இது அபூர்வம். அதைக் காட்டவே சௌராஷ்டிர எழுத்துல 'ஹாரு'ன்னு தனியா ஒரு குறி வச்சிருக்காங்க. மொழியோட காதுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி.

ஆனா சமூகத்துக்குள்ளேயே ஒத்த கருத்து வரலை. ராமராய் எழுத்துதான் வேணும்னு ஒரு அணி. தேவநாகரியில எழுதினா வட இந்தியா முழுக்கப் படிக்கலாமேன்னு ஒரு அணி. நம்ம பிள்ளைங்க தமிழ்தான படிக்குது, தமிழ் எழுத்து மேல 2, 3, 4ன்னு எண் போட்டு எழுதிக்கலாம்னு இன்னொரு அணி. இந்த மூணாவது வழியில வீடுங்கிற சொல்லை 'கே⁴ர்'னு எழுதணும். பார்க்கக் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும், ஆனா படிக்க முடியும்.

மதுரை நடனகோபால நாயகி சுவாமிகள், 1843லிருந்து 1914 வரைக்கும் வாழ்ந்தவர், சௌராஷ்டிரத்துலயும் தமிழ்லயும் பாட்டு எழுதினார். அவர் பாட்டுகளை இன்னைக்கும் பஜனையில பாடுறாங்க. வீட்டுக்கு வெளிய, நாலு பேர் கூடுற இடத்துல இந்த மொழி கேட்கிறது அங்கதான். 1980ல சங்குராம் பாகவதர் திருக்குறளைச் சௌராஷ்டிரத்துல கொண்டு வந்தார். 2008ல யூனிகோட் 5.1 பதிப்புல சௌராஷ்டிர எழுத்து சேர்ந்தது. அதாவது உங்க போன்ல அந்த எழுத்துக்கு அதிகாரபூர்வமா இடம் இருக்கு.

எழுத்து இருக்கு, இலக்கணம் இருக்கு, அகராதி இருக்கு, குறள் இருக்கு. அப்புறம் ஏன் என் ஃப்ரெண்டுக்குத் தன் தாய்மொழியை எழுதத் தெரியலை?

ஆப்பிரிக்காவுக்கு ஒரு எட்டு

இதைப் புரிஞ்சுக்க ஒரு ஒப்பீடு வேணும். கொஞ்சம் தூரம் போவோம், தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கு. அங்க ட்ஸ்வானான்னு ஒரு மக்கள். ஒரு ஆள்னா 'மோட்ஸ்வானா', பல பேர்னா 'பாட்ஸ்வானா', மொழி 'ஸெட்ஸ்வானா', நாடு 'போட்ஸ்வானா'. வேர்ச்சொல் ஒண்ணு, முன்னாடி வர்ற அசைதான் மாறுது.

ராபர்ட் மொஃபாட்னு ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் குருமான்ங்கிற ஊர்ல அச்சகம் வச்சு, 1857ல ஸெட்ஸ்வானா பைபிளை முழுசா அச்சடிச்சு முடிச்சார். ஆனா ஒவ்வொரு மிஷனும் ஒவ்வொரு விதமா எழுத்துக்கூட்டினாங்க. நம்ம எழுத்துச் சண்டை மாதிரியே. அந்தக் குழப்பத்துல தன் மொழி சிதைஞ்சிடும்னு பயந்தவர் சால் ப்ளாட்ஜே. பத்திரிகையாளர், 1912ல தொடங்கின, பின்னால ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸா ஆன அமைப்போட முதல் பொதுச் செயலாளர். அரசியலுக்கு நடுவுல 1916ல ஸெட்ஸ்வானா பழமொழிகளைத் தொகுத்து லண்டன்ல வெளியிட்டார். 1930ல ஷேக்ஸ்பியரோட ஒரு நாடகத்தை ஸெட்ஸ்வானாவுல கொண்டு வந்தார். நம்ம ராமராயும் அவரும் சந்திச்சிருந்தா நிறையப் பேசியிருப்பாங்கன்னு எனக்குத் தோணும்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். 1966ல போட்ஸ்வானா சுதந்திர நாடு ஆச்சு. ஸெட்ஸ்வானா தேசிய மொழி. ஆட்சி மொழி ஆங்கிலம்தான்னாலும், பள்ளிக்கூடம், ரேடியோ, ஊர்ப் பஞ்சாயத்துன்னு வீட்டுக்கு வெளிய அந்த மொழிக்கு வேலை இருக்கு. எல்லை தாண்டி தென்னாப்பிரிக்காவுலதான் அதைப் பேசுறவங்க இன்னும் அதிகம். அங்கயும் அது ஆட்சி மொழிகள்ல ஒண்ணு.

'அப்ப நாடு கிடைச்சா எல்லாம் சரியாகிடும்'னு முடிவு பண்ணிடாதீங்க. அதே போட்ஸ்வானாவுல கலாங்கா பேசுற பிள்ளைங்களும், சான் மக்களோட பிள்ளைங்களும் ரொம்ப காலமா பள்ளியில தங்கள் மொழியைப் பார்க்கவே இல்லை. ஸெட்ஸ்வானாவும் ஆங்கிலமும்தான். ஒரு மொழிக்குக் கிடைச்ச நாற்காலி, பக்கத்து மொழியோட இடத்தைப் பிடிச்சுக்குச்சு. மதுரையில இருந்து பார்க்கிற தமிழனா எனக்கு இது உறுத்துது. நம்ம மொழி பெருசா இருக்கிற ஊர்ல சின்ன மொழிக்கு நாம என்ன இடம் கொடுத்தோம்?

தறிதான் பள்ளிக்கூடம்

சரி, மதுரைக்குத் திரும்புவோம். நாடு இல்லை, பாடத்திட்டத்துல இடம் இல்லை, அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்கிற 22 மொழிகள்லயும் இல்லை. சௌராஷ்டிரர்கள் நடத்தின பள்ளிக்கூடத்துலயே பாடம் தமிழ்லயும் ஆங்கிலத்துலயும்தான். அப்படின்னா இத்தனை நூற்றாண்டு இந்த மொழி எப்படித் தாங்குச்சு?

என் பதில், தறி. கைத்தறி ஒரு ஆள் வேலை கிடையாது. தெருவுல பாவு நீட்டினா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் வேணும். தார் சுத்தப் பாட்டியும் பேரனும், சாயம் போட ஒருத்தர், குழியில கால் வச்சு நாடா ஓட்ட ஒருத்தர். வீடும் பட்டறையும் ஒண்ணு. அறுந்த நூலைப் பிடின்னு சொல்ற அவசரம் எல்லாம் சௌராஷ்டிரத்துலதான். பிள்ளை மொழி கத்துக்கணும்னு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரலை. வேலை செய்யும்போதே மொழி வந்துச்சு.

இப்ப விசைத்தறி வந்தாச்சு. கைத்தறிக் கூலியில குடும்பம் நடத்த முடியலை. பிள்ளைங்க படிச்சு பெங்களூரு, சென்னைன்னு போயிட்டாங்க. போனது நல்லதுதான், அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா வீட்டை விட்டுத் தறி போனப்ப, மொழியோட பள்ளிக்கூடமும் சேர்ந்து போயிடுச்சு. ராமராய் எழுத்துக் கொடுத்தார். அந்த எழுத்துல எழுதியே ஆகணும்ங்கிற ஒரு வேலை, ஒரு சம்பளம், ஒரு பரீட்சை வரவே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குல, சௌராஷ்டிரம் தாய்மொழின்னு பதிவு பண்ணினவங்க இந்தியா முழுக்க சுமார் 2,47,000 பேர். அந்த எண்ணும் தனியா நிக்கலை. குஜராத்தி மொழிக்குக் கீழ ஒரு உட்பிரிவாச் சேர்த்திருக்காங்க. குஜராத்தி எவ்வளவு பக்கத்து உறவு? 2023 ஏப்ரல்ல சோமநாதபுரத்துல சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் நடந்தப்ப மதுரையிலிருந்து சிறப்பு ரயில் விட்டாங்க. என் ஃப்ரெண்டோட அம்மா போயிட்டு வந்தாங்க. "எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"கோவில் பிரமாதம்ப்பா. கடையில பானின்னு கேட்டேன், கொடுத்துட்டான். அதுக்கு மேல நான் பேசினது அவனுக்குப் புரியலை, அவன் பேசினது எனக்குப் புரியலை. கடைசியில கையைக் காட்டித்தான் வாங்கினேன்"னு சொல்லிச் சிரிச்சாங்க. கொஞ்சம் நேரம் கழிச்சு, "நம்ம ஊரு மதுரைதான்"னாங்க.

அதே சொம்பு

இந்த எபிசோடு ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்ப அவங்க திருப்பரங்குன்றம் பக்கம் ஃப்ளாட்ல இருக்காங்க. பாட்டிக்கு எண்பது தாண்டிடுச்சு. அவனுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு. பாட்டி பேத்திகிட்ட சௌராஷ்டிரத்துல பேசுறாங்க. அது தமிழ்ல பதில் சொல்லுது, நடுநடுவுல யூட்யூப் இங்கிலீஷ். "புரியுதுடா, ஆனா பேச மாட்டேங்குது. நானும் அவகிட்ட தமிழ்லதான் பேசுறேன், பழகிடுச்சு"ன்னான் அவன்.

நான் உள்ள போன உடனே வழக்கம் போல ஸ்டேஷன் மாறுச்சு. "வாப்பா, தண்ணி குடிக்கிறியா?" அன்னைக்குத்தான் முதல் தடவையா நான் சொன்னேன். "பாட்டி, இனிமே நான் வந்தா பாஷையை மாத்தாதீங்க. எனக்குப் புரியலைன்னா நான் கேட்டுக்கிறேன்."

அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. மரியாதைக் குறைவா நினைச்சிட்டாங்களோன்னு எனக்குப் பயம். அப்புறம் சொம்பை என் பக்கம் நகர்த்தி, "பானி?"ன்னு கேட்டாங்க. அந்தக் குட்டிப் பொண்ணு அதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. வெளியாள்கிட்ட யாரும் இந்தப் பாஷையில பேசி அது பார்த்ததே இல்லை.

மதுரையில, சேலத்துல, பரமக்குடியில உங்களுக்கும் இப்படி ஒரு வீடு தெரிஞ்சிருக்கும். உங்களுக்காக அவங்க மொழியை மாத்திக்கிறாங்கன்னா, மாத்த வேண்டாம்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளையா இருந்து இதைக் கேட்கிறீங்கன்னா, உங்க பாட்டி பேசுறதைப் போன்ல பத்து நிமிஷம் பதிவு பண்ணி வைங்க. தறி வேலையில அவங்க சொல்ற வார்த்தைகளை முதல்ல கேளுங்க.